லேசரைக் கையில் எடுக்கும் முன்: மண்டி மொஹல்லாவின் லென்ஸ் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



மண்டி மொஹல்லாவிலும் அதை ஒட்டிய அசோகா ரோடு, இர்வின் ரோடு, சயாஜி ராவ் ரோடு பக்கங்களிலும் மூக்குக்கண்ணாடி கட்டித் தருபவர்கள், கேமரா பழுது பார்ப்பவர்கள், கல்லூரி ஆய்வகங்களின் மைக்ராஸ்கோப்பைக் கழற்றிச் சுத்தம் செய்பவர்கள், பைனாகுலரின் பிரிசத்தைச் சரிசெய்து கொடுப்பவர்கள், உங்கள் அனைவருக்கும் இந்த மடல். வீட்டில் தமிழ் பேசினாலும், கடையில் கன்னடமோ உருதுவோ பேசினாலும் நம் கையில் இருக்கும் பொருள் ஒன்றுதான். கண்ணாடி.

துருப்பிடித்த இரும்பின் மேல் ஒரு துப்பாக்கி போன்ற கருவியைக் காட்ட, ஒளி பட்ட இடமெல்லாம் புத்தம்புதிதாகப் பளபளக்கும் காட்சிகளை நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் கேட்கிறீர்கள்: “இந்த லேசரை லென்ஸுக்கும் பயன்படுத்தலாமா? துடைக்காமலே தூசி போய்விடுமா?” நியாயமான கேள்வி. பதில் இரண்டு பாகமானது. துடிப்புத் துடிப்பாக வரும் லேசர் ஒளியால் கண்ணாடிப் பரப்பிலும் ஆடியிலும் ஒட்டிய நுண்துகளை எடுக்க முடியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் நல்ல ஆய்வகங்கள் அதைச் செய்து காட்டியிருக்கின்றன, நம் நாட்டு விஞ்ஞானிகளும் உழைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கும் அந்தத் துரு நீக்கும் கருவியை ஒரு லென்ஸின் மேல் காட்டக் கூடாது. ஒளியின் ஆற்றலில் தூசி கிளம்பும் அளவு ஒன்று, கண்ணாடி கெடும் அளவு ஒன்று. இந்த இரண்டும் தெரியாதவரை சுடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதை விளக்கிச் சொல்வது உங்கள் தொழிலுக்கு நான் காட்டும் மரியாதை.

முதலில் தூசி ஏன் ஒட்டுகிறது என்று பார்ப்போம். ஊதினால் பெரிய தூசி போய்விடுகிறது, சின்னது போவதில்லை. இதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். ஒரு துகளும் கண்ணாடியும் அணுக்களின் நெருக்கத்தில் தொட்டுக்கொள்ளும்போது வான் டெர் வால்ஸ் விசை என்னும் இழுப்பு அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இந்த இழுப்பும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க, தன் எடையோடு ஒப்பிட்டால் அதன் பிடி இறுகிக்கொண்டே போகிறது. ஒரு மைக்ரான் அளவுள்ள மணல் துகளைக் கண்ணாடி பிடித்திருக்கும் விசை, அந்தத் துகளின் எடையைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம். லென்ஸைக் கவிழ்த்துத் தட்டினால் அது விழாததற்குக் காரணம் இதுதான். ப்ளோயரால் ஊதியும் பயனில்லை, ஏனென்றால் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு அசையாமல் நிற்கும். காற்றின் வேகம் அந்தத் துகளின் உயரத்துக்கு இறங்கி வருவதில்லை.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஈரம் ஏறியதும் துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நீர் ஒரு கழுத்தாகக் கட்டிக்கொள்கிறது. அந்த நீரின் இழுப்பு வான் டெர் வால்ஸ் இழுப்பைவிடப் பத்து மடங்கு வரை போகலாம். ஜூன் மாதத்துக்குப் பிறகு வரும் கேமராக்கள் ஏன் பிடிவாதம் பிடிக்கின்றன என்பது இப்போது புரியும்.

சரி, துணியால் துடைத்தால் என்ன? தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரண ஒளியியல் கண்ணாடி அதற்குக் கீழே, 5.5-ஐ ஒட்டி. கடினமான பொருளை மென்மையான பொருளின் மேல் அழுத்தி இழுத்தால் கோடு விழுந்தே தீரும். போதாக்குறைக்கு, கண்ணாடியின் மேல் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. மக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் பூச்சின் கனம் சுமார் 100 நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தை ஐந்நூறாகவோ அதற்கு மேலோ கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஒரு மணல் துகளுக்கு அது ஒரு தடையே அல்ல. தொடாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஆசை இதிலிருந்துதான் பிறக்கிறது; அது சரியான ஆசை.

இனி ஒளி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோ விநாடி. துடிப்பு லேசர் தன் ஆற்றலையெல்லாம் பத்து நானோ விநாடி போன்ற கணத்துக்குள் கொட்டிவிடும். ஒளியை உறிஞ்சும் பரப்பு அந்தக் கணத்தில் சூடாகி ஒரு நானோமீட்டர் அளவுக்கு விரிகிறது. தூரம் மிகச் சிறியது. நேரம் அதைவிடச் சிறியது. கணக்குப் போட்டால் பரப்பின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் பத்து லட்சம் மடங்கைத் தாண்டுகிறது. முறத்தில் புடைக்கும்போது தட்டின் வெடுக்கென்ற அசைவில் உமி எழும்புகிறதே, அதுபோலப் பரப்பு உதைத்ததும் துகள் கிளம்புகிறது. துகளே ஒளியை உறிஞ்சும் வகையாக இருந்தால், அது தானே விரிந்து தன்னை உதைத்துக்கொள்ளும். இதற்கு உலர் முறை என்று பெயர்.

இரண்டாவது முறையில் பரப்பின் மேல் நீரும் ஆல்கஹாலும் கலந்த மிக மெல்லிய படலத்தை முதலில் படியவைப்பார்கள். துடிப்பு விழுந்ததும் பரப்பை ஒட்டிய திரவம் சட்டென்று ஆவியாகி வெடிக்கிறது. அந்த வெடிப்பு துகளைத் தூக்கி எறிகிறது. குறைந்த ஆற்றலிலேயே வேலை முடிவதுதான் இதன் பெரும் நன்மை. மூன்றாவது முறையில் ஒளியைப் பரப்பின் மேல் விழவே விடுவதில்லை. பரப்புக்குச் சற்று மேலே காற்றில் குவித்து ஒரு பொறியை உண்டாக்குவார்கள். அதிலிருந்து கிளம்பும் அதிர்ச்சி அலை துகளைத் தள்ளிவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் ஒரே நாளில் வந்ததல்ல. 1972-இல் ஜான் ஆஸ்மஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெனிஸ் நகரத்துச் சிலைகளை ஹோலோகிராம் எடுக்கப் போன இடத்தில், ரூபி லேசரின் துடிப்பு பளிங்கின் மேல் படிந்த கறுப்புக் கறையை மட்டும் உதிர்த்துவிட்டு வெள்ளைக் கல்லை விட்டுவைப்பதைக் கண்டார். கறுப்பு ஒளியை உறிஞ்சும், வெண்மை திருப்பி அனுப்பும். சுத்தம் நடக்க அந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது. 1991-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சப்கா, சீம்லிக், டாம் ஆகியோர் 0.2 மைக்ரான் துகள்களைக்கூட லேசர் துடிப்பால் நீக்கிக் காட்டினார்கள். அதே ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் சூசன் ஆலனின் குழுவும் நுண்துகள்களை இப்படி நீக்கிய முடிவை வெளியிட்டது. சிலிக்கான் சில்லு செய்பவர்களுக்கு ஒரு துகள் கிடந்தாலே சில்லு வீண் என்பதால் அவர்களுக்கு இதில் அவசரம் இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான வேலை ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் நடந்தது; அதன் முடிவு 1996-இல் வெளியானது. அங்கே கிளாஸ் மானும் அவருடைய சகாக்களும் ஒளியியல் பரப்புகளை எக்சைமர் என்னும் புற ஊதா லேசரால் சுத்தம் செய்வதை ஆராய்ந்தார்கள். பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளைக் கழற்றிக் கழுவாமல் சுத்தம் செய்ய வானியலாளர்கள் வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. அலுமினியம் பூசிய கண்ணாடி மாதிரிகளின் மேலும், செரோடூர் என்னும் கண்ணாடிப் பீங்கான் மாதிரிகளின் மேலும் தூசி படியவைத்து, 248 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா துடிப்புகளால் சோதித்தார்கள். ஆடியின் எதிரொளிப்புத் திறன் ஏறத்தாழ முழுவதும் மீண்டது. மெல்லிய கரைப்பான் படலம் சேர்த்தபோது பலன் இன்னும் கூடியது. ஆற்றலைக் கூட்டக் கூட்டத் தூசி அதிகம் போனது. எதுவரை? பூச்சு கெடும் அளவு வரை. அங்கே நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் அவர்கள் பூச்சு எந்த அலைநீளத்தில், எத்தனை துடிப்பில், எவ்வளவு ஆற்றலில் கெடுகிறது என்பதையும் விரிவாக அளந்தார்கள்.

செரோடூர், அலுமினியம் என்றதும் நம் பக்கத்து மலை நினைவுக்கு வரவேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடியும் செரோடூர்தான், 2.34 மீட்டர் விட்டமுள்ளது; ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நம்மவர்களே பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் தேய்த்து மெருகேற்றியது. 1986 ஜனவரி 6-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆடியின் எதிரொளிக்கும் பரப்பு கண்ணாடி அல்ல, அதன் மேல் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம். தூசியும் ஈரமும் அந்தப் படலத்தை நாளடைவில் மங்கச் செய்யும்; அப்போது ஆடியை இறக்கி, பழைய படலத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, புதிதாக அலுமினியம் பூசுவார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் கழற்றுவது, கழுவுவது, திரும்பப் பொருத்துவது என்றால் என்ன கவலை என்று நமக்குத் தெரியும். ஒரு நல்ல சுத்தம் செய்யும் முறை அந்தக் கழற்றலைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டால், அதுவே பெரிய லாபம்.

நம் நாட்டில் இந்த ஆய்வைத் தொடர்ந்து செய்தவர்களில் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் லேசர் மற்றும் பிளாஸ்மா தொழில்நுட்பப் பிரிவினர் முக்கியமானவர்கள். பத்ம நிலயா, துருப பிஸ்வாஸ், அனிருத்த குமார் போன்றோர் உலோகப் பரப்புகளில் ஒட்டிய கதிரியக்க மாசுக்குப் பதிலான மாதிரித் துகள்களை லேசர் துடிப்பால் அகற்றும் சோதனைகளைச் செய்து, எந்த அலைநீளம் எவ்வளவு பயன் தருகிறது என்பதை ஒப்பிட்டு எழுதினார்கள். அணு உலைக் கழிவைக் கையால் துடைக்க முடியாது. துடைத்த துணியே புதிய கழிவாகிவிடும். அங்கே தொடாத சுத்தம் தொழிலாளியின் உடலைக் காக்கும் வழி. இந்தத் துறையில் நாம் பார்வையாளர்கள் மட்டும் அல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் லென்ஸுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? இரும்பு, அலுமினிய ஆடி, லென்ஸ் மூன்றும் வேறு வேறு. இரும்பு ஒளியை உறிஞ்சும். கொஞ்சம் கூடுதலாகப் பட்டாலும் இன்னொரு மெல்லிய அடுக்கு போகும், அவ்வளவுதான். லென்ஸோ ஒளியை உள்ளே விடுவதற்காகவே செய்த பொருள். பரப்பு ஒளியை உறிஞ்சாவிட்டால் அது விரியாது, உதைக்காது. தூசியும் மணல் போன்ற ஒளி ஊடுருவும் பொருளானால் அதுவும் உறிஞ்சாது. ஆற்றலைக் கூட்டினால்தான் ஏதாவது நடக்கும். கூட்டினால் பூச்சு போகும். ஆக, தூசி கிளம்பும் அளவும் கண்ணாடி கெடும் அளவும் லென்ஸில் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. இடைவெளி குறுகினால் தவறுக்கு இடமே இல்லை.

இன்னொரு சிக்கல் உண்டு, கேளுங்கள். உருண்டையான ஒரு நுண்துகள் தானே ஒரு மிகச் சிறிய லென்ஸாக வேலை செய்கிறது. அதன் மேல் விழும் ஒளி அதன் அடிப்புறத்தில், சரியாகக் கண்ணாடியைத் தொடும் இடத்தில், பல மடங்கு செறிந்து விழும். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் லைடரரின் குழு இதை விரிவாக ஆராய்ந்தது: துகள் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடத்தில் சிலிக்கானில் ஒரு நுண்குழி. வெறும் கண்ணுக்கு எல்லாம் சுத்தம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் ஒரு தழும்பு. அதனால், “இந்தப் பூச்சு இவ்வளவு ஆற்றலைத் தாங்கும்” என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த எண்ணை நம்பி இறங்கக் கூடாது. அது சுத்தமான பரப்புக்கு எழுதிய எண். அழுக்குப் படிந்த இடத்தில் தாங்கும் அளவு இறங்கிவிடும். நாமோ அழுக்கான இடத்தில்தான் சுடப்போகிறோம்.

லேசர் லென்ஸில் குழி போடுவது உங்களுக்கு அந்நியமான விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடைக்கு வரும் பெரியவர்களில் பலர் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சிலருக்கு, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மங்கிப்போகும். டாக்டர் “யாக் லேசர்” போட்டு அந்த உறையில் ஒரு ஜன்னல் திறப்பார், பார்வை தெளியும். 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் டானியல் ஆரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபான்காவுசரும் வளர்த்தெடுத்த சிகிச்சை இது. ஓரிரு மில்லிஜூல் ஆற்றலுள்ள நானோ விநாடித் துடிப்புகள்தான் கருவி. அந்த ஒளியின் குவியம் இம்மி முன்னால் வந்தாலும் உள்ளே வைத்த லென்ஸில் குழி விழும். கண் மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஆகவே குவியத்தை உறைக்குச் சற்றுப் பின்னால் தள்ளிவைத்து, குறைந்த ஆற்றலில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கூட்டுவார்கள். பல ஆண்டு படித்த மருத்துவர், ஒவ்வொரு துடிப்பையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, மில்லிஜூல் கணக்கில் செய்யும் வேலை இது. அந்த நிதானத்தை மனதில் வைத்துக்கொண்டு துரு நீக்கும் கருவியைப் பாருங்கள்.

அது என்ன கருவி? பெரும்பாலும் 1064 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியைத் தரும் ஃபைபர் லேசர். நூறு வாட்டிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வாட் வரை கிடைக்கிறது. சில துடிப்பாக வரும்; சில நிற்காமல் பாயும் தொடர் ஒளி, அது தூசியை உதைப்பதில்லை, சுடுகிறது. இதை ஒரு குவிலென்ஸின் மேல் காட்டினால் ஒளியில் பெரும்பகுதி உள்ளே போய் மறுபக்கம் குவியும். அந்தக் குவியத்தில் என்ன இருக்கிறது? கேமராவின் பின் லென்ஸ், சென்சார், இரண்டு லென்ஸை ஒட்டிய பசை, பைனாகுலரின் கறுப்பு பெயின்ட், இல்லையென்றால் மேஜை, அல்லது பிடித்துக்கொண்டிருக்கும் பையனின் கை.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது நான் கெஞ்சிக் கேட்கிறேன். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நூறு வாட் கருவியில் அது 4 வாட். வகுப்பறையில் ஆசிரியர் காட்டும் லேசர் பேனா 5 மில்லிவாட். அதைப்போல் 800 மடங்கு. வளைந்த பரப்பிலிருந்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 1064 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமை மூடாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதைக் கச்சிதமாக விழித்திரையில் குவிக்கும். வலி தெரியும் முன்பே பார்வை போகலாம், போனது திரும்பி வராது. பிறர் பார்வைக்காக உழைக்கும் நாம் நம் பார்வையையும், கடையில் நிற்கும் வாடிக்கையாளர் பார்வையையும் பணயம் வைக்கலாமா? இவை நான்காம் வகுப்பு லேசர்கள், அதாவது ஆபத்தில் உச்ச வகுப்பு. திறந்த கடையில், தெருவைப் பார்த்த மேஜையில் அவற்றுக்கு இடமே இல்லை.

நம்மிடம் வரும் வேலையில் பாதிக்கு லேசர் பொருந்தவும் பொருந்தாது. இன்றைய மூக்குக்கண்ணாடிகளில் பெரும்பாலானவை சி.ஆர்.39, பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக். சூடு பட்டால் உருகும், கருகும். ஃபங்கஸ் பிடித்த கேமரா லென்ஸில் பூஞ்சை வெளியிடும் அமிலம் பூச்சையே அரித்திருக்கும். பூஞ்சையை எடுத்தாலும் அரிப்பு அங்கேயே இருக்கும், எந்த ஒளியும் அதை நிரப்பாது. ஊதுபத்திக்குப் பேர்போன ஊர் இது. பூஜை அறையிலும் கடையிலும் இருந்த கேமராக்களில் புகையின் எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். அது துகள் அல்ல, படலம். அதற்கு ஏற்றது நல்ல கரைப்பான்.

அப்படியானால் என்ன செய்வது? நம் கையிலேயே நல்ல முறைகள் இருக்கின்றன; அவற்றின் வரிசைதான் முக்கியம். முதலில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். தூசியா, எண்ணெயா, பூஞ்சையா, கீறலா என்று முடிவு செய்யுங்கள். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மிருதுவான தூரிகையை அழுத்தாமல் ஓட்டுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் திரவம். கண்ணாடியில் பூச்சு எது, பசை எது என்று தெரிந்துகொண்டு, காய்ச்சி வடித்த நீரோ ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ எடுங்கள். லென்ஸ் காகிதத்தை நனைத்துப் பரப்பின் மேல் படரவிட்டு, அதன் சொந்த எடை மட்டுமே அழுத்த ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை எறிந்துவிடுங்கள். திரவம் இங்கே செய்வதும் நான் மேலே சொன்ன இயற்பியல்தான்: துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் புகுந்து அந்த இழுப்பைத் தளர்த்துகிறது. விலையுயர்ந்த கருவிகளுக்கு, திரவமாக ஊற்றிக் காய்ந்ததும் உரித்தெடுக்கும் பாலிமர் படலம் இருக்கிறது. தூசி அதோடு சேர்ந்து வந்துவிடும். ஈர்ப்பலைகளை 2015-இல் முதன்முதலாகப் பதிவு செய்த லைகோ ஆய்வகத்தின் ஆடிகளுக்கே இந்தப் படல முறையைப் பயன்படுத்துகிறார்கள். உலகின் மிக நுட்பமான ஆடிகளில் சிலவற்றைக் காப்பவர்கள் தேர்ந்துகொண்ட அந்த நிதானம் நம் கடைக்கும் பொருந்தும்.

உங்களில் இளையவர்கள், குறிப்பாக டிப்ளமோ முடித்துவிட்டு அப்பா கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், லேசரைக் கற்றுக்கொள்ளவே கூடாதா என்று கேட்பீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் என் விருப்பம். ஆனால் முறையாக. உங்கள் லேசரின் அலைநீளம், துடிப்பின் நீளம், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு துடிப்பு கொட்டும் ஆற்றல் ஆகிய மூன்று எண்களையும் நீங்களே அளந்து குறிப்பேட்டில் எழுதத் தெரிய வேண்டும். வாடிக்கையாளரின் கண்ணாடியைத் தொடும் முன், அதே பூச்சுள்ள உதவாத கண்ணாடித் துண்டு ஒன்றில் தூசி படியவைத்து, மிகக் குறைந்த ஆற்றலில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தூசி எங்கே கிளம்பியது, பூச்சு எங்கே கெட்டது என்று இரண்டு எண்ணையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தாராளமான இடம் இருந்தால் மட்டும் மேலே போங்கள். இல்லையென்றால் அந்தக் கண்ணாடிக்கு அந்த லேசர் வேண்டாம். கிளம்பிய தூசி மறுபடி வந்து உட்காராமல் இழுத்துக்கொள்ள உறிஞ்சு குழாய் வேண்டும். வேலை மூடிய பெட்டிக்குள் நடக்க வேண்டும், பெட்டி திறந்தால் லேசர் தானே அணைய வேண்டும். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரண கூலிங்கிளாஸ் அந்த ஒளியைத் தடுக்காது.

இந்தக் கல்விக்கு வேலை காத்திருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியா திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள், அவற்றின் முனைகளில் 40 கிலோ எடையுள்ள ஆடிகள். அமெரிக்காவில் உள்ள அதே வகை ஆடிகளில், பூச்சுக்குள் மைக்ரான் அளவில் ஒளியை உறிஞ்சும் ஒரு புள்ளி இருந்தாலே ஆடி அங்கே சூடாகி வளைகிறது, லேசர் ஆற்றலை நினைத்தபடி ஏற்ற முடிவதில்லை. அந்த உலகத்தில் தூசியைப் பற்றிய அறிவு பெரிய அறிவு. நம் ஊரிலேயே மைசூரு பல்கலைக்கழகமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து முன்னெடுக்கும் காஸ்மாஸ் என்னும் வானியல் கல்வி மையத்துக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆய்வகங்களுக்குப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் மட்டும் போதாது; கண்ணாடியைக் கையில் எடுத்ததும் அதன் பூச்சை அடையாளம் காணும் விரல்களும் வேண்டும். அந்த விரல்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றோடு எண்களையும் சேர்த்துக்கொண்டால், அந்த வாசல்களில் நீங்கள் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

ஆகவே உங்களிடம் மூன்று கேட்கிறேன். முதலாவது, துரு நீக்கும் லேசர் கருவியை எந்த லென்ஸின் மேலும், எந்தக் கேமராவின் மேலும் காட்ட மாட்டோம் என்று நமக்குள் ஒரு முடிவு எடுப்போம்; அதிக விலை தருகிறேன் என்று வாடிக்கையாளர் கேட்டாலும் சரி. இரண்டாவது, ஒவ்வொரு கடையும் தூக்கிப் போடும் பழைய லென்ஸ்களை எறியாமல், பூச்சின் வகையை எழுதிச் சேர்த்து வையுங்கள். சோதனைக்கு அவற்றைவிட நல்ல துண்டு கிடைக்காது. எல்லாக் கடைகளின் துண்டுகளும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது நம் பேட்டைக்கே ஒரு பாடப்புத்தகம். மூன்றாவது, நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் லேசரைக் கையாளத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாம் அவர்களின் மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுக்கிறோம். அவர்கள் நமக்கு ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்கட்டும். கேட்டால் மறுக்க மாட்டார்கள். போய்க் கேட்பது நம் பொறுப்பு. தெருவுக்கு இரண்டு பேராகச் சேர்ந்து இந்த மாதமே போவோம்.

அன்புடனும் அக்கறையுடனும்,
மண்டி மொஹல்லாவில் உங்களோடு கண்ணாடி வேலை செய்யும் ஒரு தமிழர்
மைசூரு